காமாக் கதிர் வெடிப்பை அளப்பது எப்படி: ஃபெர்மி தரவும் ஒரு மடிக்கணினியும் கொண்டு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, திருப்பத்தூர் பக்கம் இயற்பியல் முதுகலை படிப்பவர்களுக்கு வானியல் ப்ராஜெக்ட் என்றாலே நினைவுக்கு வருவது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம். காமாக் கதிருக்கு மட்டும் ஜவ்வாது மலை உதவாது. காவலூரின் உயரம் சுமார் 700 மீட்டர். அங்கே ஏறினாலும் தலைக்கு மேல் இருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. முழு வளிமண்டலமும் பத்து மீட்டர் ஆழத் தண்ணீர் அளவுக்குக் காமாக் கதிரைத் தடுக்கிறது. ஆகவே அளவீடு விண்கலத்தில்தான் நடக்க வேண்டும். அந்தத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

காமாக் கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியிலிருந்து சிறிது நேரமே வந்து ஓயும் காமாக் கதிர்ப் பாய்ச்சல். அப்படி ஒரு வெடிப்பின் கால அளவு, நிறமாலை, ஆற்றல் மூன்றையும் ஃபெர்மி விண்கலத்தில் இந்த வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவியின் தரவிலிருந்து எப்படி எடுப்பது என்பதை வரிசைப்படி கீழே எழுதியிருக்கிறோம். வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகச் செய்பவர்களின் பிழை கடைசியில் நிறமாலையைப் பொருத்தும்போதுதான் வெளியே தெரியும். அதன் காரணம் அநேகமாக 4ஆம் படியிலோ 7ஆம் படியிலோ இருக்கும்.

பயிற்சிக்கு ஜிஆர்பி 080916சி என்ற வெடிப்பை எடுத்துக்கொள்வோம். நல்ல பிரகாசம், ஆனால் கருவியைத் திணறடிக்கும் அளவுக்கு இல்லை. விரிவாக ஆராயப்பட்ட வெடிப்பு என்பதால் உங்கள் விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 130427ஏ, 221009ஏ போன்ற புகழ்பெற்ற வெடிப்புகளோடு தொடங்க வேண்டாம். அவற்றில் ஜிபிஎம் டிடெக்டர்களே நிரம்பி வழிந்துவிட்டன, தனித் திருத்தங்கள் இல்லாமல் அந்தத் தரவைத் தொட முடியாது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

8 ஜிபி ரேம், 30 ஜிபி காலி இடம் உள்ள கணினி போதும். லினக்ஸ் இருந்தால் நல்லது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாக அதற்குள்ளேயே உபுண்டு நிறுவிக்கொள்ளலாம். நாம் பயன்படுத்தப்போகும் ஹீசாஃப்ட் தொகுப்பு லினக்ஸிலும் மேக்கிலும்தான் ஓடும்.

மென்பொருள் இரண்டு. ஒன்று, பைத்தானில் இயங்கும் காமா-ரே டேட்டா டூல்ஸ். சுருக்கமாக ஜிடிடி. அதன் ஃபெர்மி இணைப்பையும் சேர்த்தே நிறுவுங்கள். மற்றொன்று ஹீசாஃப்டுக்குள் இருக்கும், நிறமாலையைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக். இரண்டையும் ஒரே பைத்தான் சூழலில் போட்டால் நூலகப் பதிப்புகள் மோதும். ஜிடிடிக்கு என்று தனிச் சூழல் உருவாக்குங்கள்.

பாய்சான் பரவல் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை N என்றால் அதன் சிதறல் √N என்ற அளவுக்காவது கைவசம் இல்லையென்றால் 7ஆம் படியில் எதற்காக எதைச் செய்கிறோம் என்பது பிடிபடாது.

2. பெயரையும் நேரத்தையும் படித்தல்

ஜிபிஎம் பட்டியலில் இந்த வெடிப்பின் எண் 080916009. முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். கடைசி மூன்று இலக்கங்கள் அன்றைய நாளின் ஆயிரத்தில் எத்தனையாவது பங்கு என்பதைச் சொல்பவை. ட்ரிகர் நேரம் (கருவி வெடிப்பை உணர்ந்த நேரம்) உலக நேரப்படி 00:12:45, அதாவது 765 வினாடி. 86,400ஆல் வகுத்தால் 0.0089, ஆகவே 009.

இந்திய நேரம் கலக்கவே கூடாது. மேலே சொன்ன நேரம் நமக்குக் காலை 5:42, அதே தேதி. ஆனால் உலக நேரம் 18:30க்குப் பிறகு நடக்கும் வெடிப்பு நமக்கு மறுநாள் ஆகிவிடும். தேதி ஒன்று தள்ளிக் கோப்பைத் தேடி, தரவே இல்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. நோட்டில் உலக நேரம் மட்டுமே எழுதுங்கள்.

கோப்புக்குள் நேரம் வேறு வடிவில் இருக்கும்: 2001 ஜனவரி 1, உலக நேரம் நள்ளிரவிலிருந்து எண்ணிய வினாடிகள். இந்த வெடிப்புக்கு அது 243216766.6. நாட்களைக் கூட்டி நீங்களே கணக்கிட்டால் ஒரு வினாடி குறைவாக வரும், ஏனென்றால் 2005 இறுதியில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. 2016 இறுதியில் சேர்த்ததுவரை மொத்தம் ஐந்து லீப் வினாடிகள். கையால் கணக்கிட வேண்டாம், ஜிடிடியின் நேர மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

3. ட்ரிகர் எல்லாம் வெடிப்பு அல்ல

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிடெக்டர்களில் எண்ணிக்கை ஒரே நேரத்தில் பின்னணியை (வெடிப்பு இல்லாதபோதும் பதிவாகிக்கொண்டிருக்கும் எண்ணிக்கையை) தாண்டி எழுந்தால் ஜிபிஎம் ட்ரிகர் ஆகும். சூரியத் தீப்பிழம்பு, காந்த விண்மீன், இடிமேகத்திலிருந்து கிளம்பும் காமாத் துடிப்பு, விண்கலத்தின் மேல் மோதும் மின்துகள் கூட்டம் ஆகிய எல்லாமே ட்ரிகர் கொடுக்கும்.

பயிற்சி வெடிப்புக்கு இந்தச் சந்தேகம் இல்லை. நீங்களே வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் 12 சோடியம் அயோடைடு டிடெக்டர்களின் ஒளிவளைவையும் (நேரத்தோடு எண்ணிக்கை மாறும் வரைபடத்தையும்) ஒரே தாளில் வரைந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் அது துகள் கூட்டம். வெடிப்பு ஒரு திசையிலிருந்து வருவதால் சிலவற்றில் பலமாகவும் எதிர்ப்பக்கத்தில் மங்கலாகவும் இருக்கும். 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே மட்டும் தெரிந்து, திசையும் சூரியன் பக்கமாக இருந்தால் தீப்பிழம்பு. (கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை இனி கேஇவி என்று எழுதுகிறோம்.) ஒரு மில்லி வினாடிக்குள் எல்லாம் முடிந்து, உயர் ஆற்றலில் பலமாக இருந்தால் இடிமேகம்.

4. டிடெக்டர் தேர்வு

ஜிபிஎம்மில் 12 சோடியம் அயோடைடு டிடெக்டர்கள் உண்டு: என்0 முதல் என்9 வரை, பிறகு என்ஏ, என்பி. 8 கேஇவி முதல் சுமார் 1,000 கேஇவி வரை இவை பார்க்கும். கூடவே இரண்டு பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட் படிக) டிடெக்டர்கள், பி0, பி1. இவற்றின் எல்லை சுமார் 200 கேஇவி முதல் 40,000 கேஇவி வரை.

சோடியம் அயோடைடு படிகம் 12.7 செ.மீ. விட்டமும் 1.27 செ.மீ. தடிமனும் உள்ள தட்டு. தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் பரப்பு சுருங்கிவிடும். அதனால் வெடிப்பின் திசைக்கும் டிடெக்டர் நோக்கும் திசைக்கும் இடையே 60 பாகைக்கு மேல் போகாதவற்றையே எடுக்க வேண்டும். அவற்றில் மூன்றும் அதே பக்கத்து பிஜிஓ ஒன்றும் போதும். என்0 முதல் என்5 வரை பி0 பக்கம், மற்றவை பி1 பக்கம்.

கோணம் சரியாக இருந்தாலும் விண்கலத்தின் உடலோ சூரியத் தகடோ குறுக்கே நிற்கலாம். நிற்கிறதா என்பதைக் குறை ஆற்றல் காட்டிக்கொடுக்கும்: 20 கேஇவிக்குக் கீழே ஒரு டிடெக்டரில் மட்டும் எண்ணிக்கை சரிந்திருந்தால் அதை விலக்குங்கள். எல்லா டிடெக்டரையும் சேர்த்தால் புள்ளிவிவரம் வலுப்படும் என்று நினைப்பது தவறு. கோணம் மோசமான டிடெக்டர் பின்னணியை முழுதாகவும் சிக்னலைக் கொஞ்சமாகவும் கொண்டுவந்து சேர்க்கும்.

080916சிக்கு என்3, என்4, பி0 எடுங்கள். இதில் சோடியம் அயோடைடு இரண்டுதான், ஆனால் அவை போதிய பலத்தோடு இருக்கின்றன.

5. இறக்க வேண்டிய கோப்புகள்

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் வெடிப்புக்கு ஒரு கோப்புறை இருக்கும். தேர்ந்த ஒவ்வொரு டிடெக்டருக்கும் டிடிஇ, சிஸ்பெக், ரெஸ்பான்ஸ் என மூன்று கோப்புகள் வேண்டும்.

டிடிஇ என்பது ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தை 2 மைக்ரோ வினாடி நுணுக்கத்தில் 128 சேனல்களில் (ஆற்றல் பிரிவுகளில்) பதிந்த பட்டியல். சிஸ்பெக்கிலும் அதே 128 சேனல்கள்தான், ஆனால் நேரத்துண்டுகள் முன்பே வெட்டப்பட்டவை: சாதாரணமாக 4.096 வினாடி, ட்ரிகருக்குப் பிறகு 1.024 வினாடி.

டிடிஇ மட்டும் போதாதா என்று கேட்பார்கள். 2012 நவம்பருக்குப் பிந்தைய வெடிப்புகளுக்குப் போதும், அதிலிருந்து டிடிஇ தொடர்ச்சியாகப் பதிவாகிறது. அதற்கு முன்னால் ட்ரிகருக்கு முந்தைய சுமார் 30 வினாடிதான் அதில் இருக்கும். நம் வெடிப்பு 2008இல் நடந்தது. பின்னணிக்கு நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் சிஸ்பெக் கட்டாயம்.

ரெஸ்பான்ஸ் கோப்பு என்பது எந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் எந்தச் சேனலில் எந்த அளவுக்குப் பதிவாகும் என்று சொல்லும் அணி. அதில் இரண்டு வகை உண்டு. ஒற்றை அணி கொண்டது ஒன்று, நேரத்துக்கு நேரம் மாறும் பல அணிகள் கொண்டது மற்றொன்று. வெடிப்பு நீண்டு நடக்கும்போது விண்கலம் திரும்பிக்கொண்டே இருப்பதால் கோணம் மாறும். பல அணிக் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கோப்பின் பதிப்பு எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். பழைய பதிப்பு ரெஸ்பான்ஸும் புதிய பதிப்புத் தரவும் கலந்தால் எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் மாறும்.

6. ஒளிவளைவு

முதலில் 50 முதல் 300 கேஇவி வரையுள்ள சேனல்களை மட்டும் கூட்டி, 1.024 வினாடித் துண்டுகளில் ட்ரிகருக்கு முன் 200 வினாடி, பின் 300 வினாடி வரையுங்கள். முன்பகுதி சிஸ்பெக்கிலிருந்து வருவதால் அங்கே துண்டு 4.096 வினாடிதான். எண்ணிக்கையாக வரையாமல் வினாடிக்கு எத்தனை என்று வரைந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

50 கேஇவிக்குக் கீழே பின்னணி அலைந்துகொண்டே இருக்கும். 300க்கு மேல் சோடியம் அயோடைடின் திறன் குறையும். நடுப்பகுதியில்தான் வெடிப்பு தெளிவாக எழுந்து நிற்கும். ஜிபிஎம் பட்டியலில் கால அளவும் இந்த எல்லைக்குத்தான் கொடுக்கப்படுகிறது.

துண்டின் அகலத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். 64 மில்லி வினாடியில் சிறு சிகரங்கள் தெரியும், அவற்றில் பாதி வெறும் சிதறல். ஒரு சிகரம் உண்மையா என்று தெரிய வேண்டுமா? இன்னொரு டிடெக்டரிலும் அதே நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. பின்னணி: நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்

மண்டித் தெருவில் அரிசி மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிப்பார்கள். இங்கேயும் கழித்தல்தான், ஆனால் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே சாக்கின் எடை மாறிக்கொண்டிருக்கிறது. விண்கலம் சுமார் 96 நிமிடத்தில் பூமியைச் சுற்றுகிறது. போகிற வழியில் காந்தப்புலம் மாறும், பூமியின் விளிம்பு டிடெக்டரின் பார்வைக்குள் ஏறி இறங்கும், பிரகாசமான எக்ஸ் கதிர் மூலங்கள் பூமிக்குப் பின்னால் மறைந்து வெளிவரும்.

கணக்கைப் பார்த்தால் இதன் எடை புரியும். பின்னணி வினாடிக்கு 300 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வினாடிக்கு 18,000. அதன் இயல்பான சிதறல் √18,000, சுமார் 134. பின்னணியை வெறும் ஒரு சதவீதம் தவறாக மதிப்பிட்டால் 180 எண்ணிக்கை பிழை. ஒரு சதவீதத் தவறே இயற்கைச் சிதறலை மிஞ்சிவிடுகிறது. மென்பொருள் தரும் பிழை வரம்பில் இந்த 180 வராது.

செய்முறை இப்படி. வெடிப்புக்கு முன்னால் ஒரு சாளரம், பின்னால் ஒரு சாளரம். 080916சிக்கு −200 முதல் −10 வரையும், 120 முதல் 300 வரையும் வைத்துத் தொடங்குங்கள். வெடிப்பின் வால் 63 வினாடியோடு ஓய்ந்ததுபோல் தெரிந்தாலும் குறை ஆற்றலில் இன்னும் நீளும். அதனால்தான் பின் சாளரத்தைத் தள்ளி வைக்கிறோம். வால் சாளரத்துக்குள் விழுந்தால் பின்னணி வரம்பு மீறி உயரும், வெடிப்பின் ஆற்றல் குறையும், நிறமாலையும் உண்மையைவிடக் கடினமாக (உயர் ஆற்றல் பக்கம் சாய்ந்ததாக) தெரியும்.

ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே பல்லுறுப்புக்கோவையைப் பொருத்த வேண்டும். கோவையின் படியை (டிகிரியை) ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சாளரங்களுக்குள் மீதங்கள் (தரவுக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடுகள்) வளைந்து நின்றால் மட்டுமே படி இரண்டுக்குப் போங்கள். படி நான்கை நாடுபவர்கள் நிறைய, கோடு புள்ளிகளோடு அழகாக ஒட்டிக்கொள்கிறது என்பதால். ஒட்டுவது சாளரங்களுக்குள்தான். தரவே இல்லாத நடுப்பகுதியில், அதாவது நமக்கு வேண்டிய வெடிப்பின் அடியில், அதே கோடு குழியாகவோ மேடாகவோ வளைந்துகிடக்கும். சாளரங்களுக்குள் செய்யும் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது.

உங்கள் பின்னணி நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரே வழி, வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது. முன் சாளரத்தை −150இலிருந்து தொடங்குங்கள், பின் சாளரத்தை 140க்குத் தள்ளுங்கள், படியை ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெடிப்பின் மொத்த எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுதான் பின்னணியால் வரும் உண்மையான பிழை. ப்ராஜெக்ட் அறிக்கையில் இந்த அட்டவணை இல்லையென்றால் மற்ற எண்களுக்கு மதிப்பில்லை என்பது எங்கள் கருத்து.

சாளரங்களை முடிவுசெய்து நோட்டில் எழுதிய பிறகே நிறமாலைக்குப் போக வேண்டும். நிறமாலை விடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து சாளரத்தை நகர்த்தினால், எதிர்பார்த்த விடை வரும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பீர்கள்.

சில நூறு வினாடிக்கு மேல் நீளும் வெடிப்புக்கு இந்த முறை சரிவராது. அதற்கு முன்னும் பின்னும் 30 சுற்றுகள் தள்ளி, விண்கலம் ஏறக்குறைய அதே நிலையில் இருந்தபோது பதிந்த எண்ணிக்கையின் சராசரியைப் பின்னணியாக எடுப்பார்கள்.

8. கால அளவு: டி90

பின்னணி கழித்த எண்ணிக்கையை நேர வரிசையில் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தத்தில் 5 சதவீதம் எட்டிய நேரம் ஒன்று, 95 சதவீதம் எட்டிய நேரம் மற்றொன்று. இடைவெளிதான் டி90.

கூட்டல் வளைவு வெடிப்புக்கு முன்னும் பின்னும் சமதளமாக நிற்க வேண்டும். பின்னால் ஏறிக்கொண்டே போனால் பின்னணி குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது, இறங்கினால் அதிகமாக. இரண்டிலும் 7ஆம் படிக்குத் திரும்புங்கள். எங்கே தளம் என்று கண்ணளவில் முடிவுகட்டி எண்ணை எழுதிவிட வேண்டாம்.

பிழை வரம்புக்கு ஒவ்வொரு துண்டின் எண்ணிக்கையையும் பாய்சான் பரவலில் மறுபடி மறுபடி உருட்டி, ஆயிரம் செயற்கை ஒளிவளைவுகள் உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் டி90 காணுங்கள். அந்த ஆயிரத்தின் சிதறலே பிழை.

080916சிக்குப் பட்டியலில் உள்ள மதிப்பு சுமார் 63 வினாடி. உங்களுடையது சில வினாடி விலகினால் கவலை வேண்டாம். பட்டியலில் எண்ணிக்கையைக் கூட்டாமல், நிறமாலை வழியே மாற்றிய ஃபோட்டான் பாய்வைக் கூட்டுகிறார்கள். 50 என்றோ 85 என்றோ வந்தால் சாளரத்தில் கோளாறு.

டி90ஐ எழுதும்போது ஆற்றல் எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். உயர் ஆற்றலில் துடிப்புகள் ஒடுங்கும். 15 முதல் 150 கேஇவி வரை பார்க்கும் ஸ்விஃப்ட் விண்கலத்தின் டி90 ஃபெர்மியுடையதைவிடப் பெரும்பாலும் நீளமாக இருப்பது இதனால்தான். இரண்டு வினாடி என்ற குறுவெடிப்பு, நெடுவெடிப்பு எல்லைக்கோடும் 50 முதல் 300 கேஇவி அளவீட்டில் வந்தது.

9. நிறமாலை

டிடெக்டர் எண்ணியது ஃபோட்டானின் ஆற்றலை அல்ல, படிகத்தில் அது விட்டுச்சென்ற ஆற்றலை. 1,000 கேஇவி ஃபோட்டான் ஒன்று காம்ப்டன் சிதறலில் 200ஐ மட்டும் விட்டுவிட்டு வெளியேறலாம். பூமியின் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பிவரும் ஃபோட்டானும் இதில் சேரும். அதனால் எண்ணிக்கையைத் தலைகீழாக மாற்றி ஃபோட்டானாக்க முடியாது. ஒரு மாதிரியை ஊகித்து, அதை ரெஸ்பான்ஸ் வழியே அனுப்பி, வரும் எண்ணிக்கையைத் தரவோடு ஒப்பிட வேண்டும்.

ஜிடிடியில் வெடிப்பின் இடைவெளியைத் தேர்ந்து, எக்ஸ்ஸ்பெக் படிக்கும் வடிவில் நிறமாலைக் கோப்பும் பின்னணிக் கோப்பும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னணிக் கோப்பில் ஒவ்வொரு சேனலின் பிழையும் இருக்க வேண்டும். அடுத்து வரும் புள்ளிவிவர முறை அதை எதிர்பார்க்கிறது.

சேனல்களை வெட்டுவது அடுத்த வேலை. சோடியம் அயோடைடுக்கு 8 முதல் 900 கேஇவி, பிஜிஓவுக்கு 250 முதல் 40,000 வரை. சோடியம் அயோடைடில் 30 முதல் 40 வரையுள்ள சேனல்களையும் விலக்குங்கள். அயோடினின் கே-விளிம்பு 33.17 கேஇவியில் இருக்கிறது. அங்கே ரெஸ்பான்ஸ் செங்குத்தாகத் தாவுவதால் மீதங்களில் பொய்யான பள்ளம் தெரியும். கடைசி சேனல் வழிந்த எண்ணிக்கைகளைக் கொட்டிவைக்கும் இடம், அதை எப்போதும் விடுங்கள்.

புள்ளிவிவரத்துக்கு கை-வர்க்கம் வேண்டாம். பழகிய முறை என்பதால் எல்லோரும் அதையே நாடுகிறார்கள். உயர் ஆற்றல் சேனல்களில் இரண்டு, மூன்று எண்ணிக்கைதான் இருக்கும், அங்கே அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். சிக்னலுக்குப் பாய்சானும் பின்னணிக்குக் காஸியனும் கொண்ட பிஜி-ஸ்டாட்டைத் தேருங்கள். பல்லுறுப்புக்கோவையிலிருந்து வந்த பின்னணிக்குப் பொருந்துவது அதுதான்.

மாதிரிகளை எளிமையிலிருந்து தொடங்குங்கள்: முதலில் அடுக்கு விதி, அடுத்து அடுக்குக்குறி வெட்டோடு கூடிய அடுக்கு விதி, கடைசியில் பேண்ட் சார்பு (குறை ஆற்றலில் ஆல்பா, உயர் ஆற்றலில் பீட்டா என்ற இரண்டு அடுக்குகள் இணைந்தது). அளவுரு கூடக்கூடப் பொருத்தம் எப்படியும் மேம்படும். அந்த மேம்பாடு போதுமானதா என்பதுதான் கேள்வி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகப் புள்ளிவிவரம் சுமார் 9, இரண்டாவதிலிருந்து பேண்டுக்குப் போகச் சுமார் 12 குறைந்தால்தான் போகலாம் என்பது ஜிபிஎம் பட்டியலில் கடைப்பிடிக்கும் அளவு.

பேண்ட் சார்பில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எக்ஸ்ஸ்பெக்கில் அதன் ஆற்றல் அளவுரு இ0, நமக்கு வேண்டிய உச்ச ஆற்றல் (ஆற்றல் நிறமாலை உச்சம் தொடும் இடம்) அல்ல. உச்ச ஆற்றல் = (2 + ஆல்பா) × இ0. ஆல்பா −0.6, இ0 300 கேஇவி என்றால் உச்சம் 420 கேஇவி. ஆல்பா −1 ஆனால் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாமல் போய்விடும். ஜிடிடியின் பேண்ட் சார்பு நேராக உச்ச ஆற்றலையே எடுக்கிறது. இரண்டு மென்பொருளையும் ஒப்பிடும்போது மறக்காதீர்கள். குறியிலும் ஒரு வேறுபாடு உண்டு: பேண்டில் ஆல்பா எதிர்க்குறியோடு வரும், எக்ஸ்ஸ்பெக்கின் வெட்டு அடுக்கு விதியில் அதே எண் நேர்க்குறியோடு வரும்.

பொருத்தம் முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். பீட்டா −2க்கு மேல் (எடுத்துக்காட்டாக −1.8) வந்தால் ஆற்றல் நிறமாலைக்கு உச்சமே கிடையாது, உச்ச ஆற்றல் என்று எதையும் எழுத முடியாது. பீட்டாவின் பிழை வரம்பு எல்லையில்லாமல் விரிந்தால் தரவு அதைத் தீர்மானிக்கவில்லை, வெட்டு அடுக்கு விதியோடு நின்றுவிடுங்கள். மூன்றாவதாக, என்3இன் அளவை 1 என நிறுத்தி, மற்ற டிடெக்டர்களுக்கு ஒரு பெருக்கெண்ணைத் தளர்த்திவிடுங்கள். அது 0.8க்கும் 1.2க்கும் வெளியே போனால் பெருக்கெண்ணை நம்பி மேலே போக வேண்டாம். அந்த டிடெக்டரின் பின்னணியையும் மறைப்பையும் திரும்பப் பாருங்கள்.

முழு வெடிப்புக்கும் ஒரே நிறமாலை எடுப்பது சராசரிதான். இந்த வெடிப்பில் முதல் 3.6 வினாடியில் உச்ச ஆற்றல் சுமார் 440 கேஇவி, அடுத்த நான்கு வினாடியில் சுமார் 1,170 கேஇவி. பிறகு படிப்படியாக இறங்குகிறது. இந்த இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியே பொருத்தி இந்த எண்கள் அருகில் வருகின்றனவா என்று பார்ப்பது மிகச் சிறந்த பரீட்சை. முதலாவது சரியாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் வந்தால் பிஜிஓவின் பின்னணியில் பிழை இருக்கக்கூடும்.

10. ஃப்ளூயன்ஸும் மொத்த ஆற்றலும்

10 முதல் 1,000 கேஇவி வரை சராசரி ஆற்றல் பாய்வைக் கேட்டு, தேர்ந்த இடைவெளியின் நீளத்தால் பெருக்கினால் ஃப்ளூயன்ஸ், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு வந்துசேர்ந்த மொத்த ஆற்றல். கோப்பில் 'எக்ஸ்போஷர்' என்று இருக்கும் எண்ணைக் கொண்டு பெருக்காதீர்கள். அது டிடெக்டர் செயலற்றிருந்த நுண்நேரங்களைக் கழித்த எண். பாய்வைக் கணக்கிடும்போதே அது பயன்பட்டுவிட்டது. 080916சிக்கு ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 6 × 10⁻⁵ எர்க் வர வேண்டும்.

செம்பெயர்ச்சி தெரிந்த வெடிப்புக்கு மட்டுமே அடுத்த கணக்கு. இதற்கு 4.35. வழக்கமான அண்டவியல் அளவுருக்களில் ஒளிர்வுத் தொலைவு சுமார் 1.24 × 10²⁹ செ.மீ. ஃப்ளூயன்ஸை 4π × தொலைவு² ஆல் பெருக்கி (1 + செம்பெயர்ச்சி)யால், அதாவது 5.35ஆல் வகுத்தால் சுமார் 2 × 10⁵⁴ எர்க். வெளியான மதிப்போ 8.8 × 10⁵⁴. இரண்டும் சரிதான். வெளியான கணக்கு 10 கேஇவியிலிருந்து 10 கிகா எலக்ட்ரான்வோல்ட் வரை, ஃபெர்மியில் இன்னும் உயர்ந்த ஆற்றலைப் பார்க்கும் லேட் கருவியின் தரவும் சேர்த்தது. அந்த எல்லையில் ஃப்ளூயன்ஸ் 2.4 × 10⁻⁴. நான்கு மடங்கு வித்தியாசம் ஆற்றல் எல்லையால் மட்டுமே வருகிறது. எல்லையைச் சொல்லாமல் ஆற்றலை எழுதினால் அந்த எண்ணை யாரும் பயன்படுத்த முடியாது.

உச்சப் பாய்வு கொடுத்தால் 64 மில்லி வினாடிக்கா, 1.024 வினாடிக்கா என்பதையும் எழுதுங்கள்.

11. வானில் இடம், காவலூரிலிருந்து தெரியுமா

ஜிபிஎம் தனியாகத் தரும் இடம் சில பாகை அகலம். டிடெக்டர்களின் எண்ணிக்கை விகிதத்திலிருந்து ஊகிப்பதுதான் அது, அதற்கு மேல் இன்னும் சில பாகை முறைசார் பிழையும் உண்டு. ஒளியியல் தொலைநோக்கியின் பார்வை சில கலை அகலமே (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). ஸ்விஃப்ட்டின் குறிமுகமூடிக் கருவி சில கலைக்குள் இடத்தைக் காட்டும், அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சில விகலைக்குள். அந்த இடம் கிடைத்த பிறகுதான் நிலத்துத் தொலைநோக்கிக்கு வேலை.

ஓர் இடம் காவலூரிலிருந்து எவ்வளவு உயரம் ஏறும் என்பதை நொடியில் சொல்லலாம். காவலூரின் அகலக்கோடு 12.6 பாகை வடக்கு. 080916சி −56.6 பாகை நடுவரை விலக்கத்தில் (வான் நடுவரைக்குத் தெற்கே) இருந்தது. 90 − 12.6 − 56.6 = 20.8 பாகை. உச்சத்தில்கூட அவ்வளவுதான், ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றின் வழியே பார்க்க வேண்டும். வட இந்திய ஆய்வகங்களுக்கு அந்தப் பகுதி இன்னும் தாழ்வு. வெடிப்பு நடந்த நேரமோ இங்கே விடியற்காலை 5:42, வானம் வெளுத்துக்கொண்டிருக்கும் வேளை.

12. ஆஸ்ட்ரோசாட் கொண்டு சரிபார்த்தல்

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது, ஆகவே 080916சி அதில் இல்லை. இரண்டிலும் பதிவான பிரகாசமான ஒன்று வேண்டுமென்றால் ஜிஆர்பி 160821ஏ எடுங்கள். ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ என்ற எக்ஸ் கதிர்க் கருவி நான்கு கால்பகுதிகள் கொண்டது, ஒவ்வொன்றிலும் 16 டிடெக்டர் தொகுதிகள். 100 கேஇவிக்கு மேல் கருவியின் சுவர்களே ஊடுருவத்தக்கவை ஆகிவிடுவதால், அது நோக்காத திசையிலிருந்து வரும் வெடிப்பும் பதிவாகும்.

நான்கு கால்பகுதிகளின் ஒளிவளைவையும் தனித்தனியே வரையுங்கள். உண்மையான வெடிப்பு நான்கிலும் ஒரே நேரத்தில் எழும். ஒன்றில் மட்டும் எழுந்தால் இரைச்சல் பிக்சல். அண்டக்கதிர் மோதலால் ஒரே நொடிப்பொழுதில் குவியும் எண்ணிக்கைகளை முதலிலேயே வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறு துண்டுகளில் போலிச் சிகரங்கள் தோன்றும்.

ஃபெர்மியின் ஒளிவளைவோடு நேரத்தை ஒப்பிடுங்கள். இரண்டு கலங்களும் பூமியைத் தாழ்வாகச் சுற்றுபவை. எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தாலும் இடைவெளி 14,000 கி.மீ.தான், ஒளிக்கு 0.05 வினாடிகூட ஆகாது. ஒரு வினாடித் துண்டுகளில் சிகரங்கள் பொருந்தாவிட்டால் நேர மாற்றத்தில் தவறு செய்திருக்கிறீர்கள். ஆஸ்ட்ரோசாட்டின் கணக்கு 2001இலிருந்து அல்ல, 2010 ஜனவரி 1இலிருந்து தொடங்குகிறது.

சிஇசட்டிஐ தரவிலிருந்து ஒளிமுனைவாக்கத்தையும் அளக்க முடியும் என்பதால் பலருக்கும் அதில் ஆசை வரும். விண்கலத்தின் முழு நிறை மாதிரியை வைத்து ஜியண்ட்-4 உருவகப்படுத்தல் ஓட்டாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஒரு பருவ ப்ராஜெக்டுக்குள் அது அடங்காது, ஒளிவளைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவை கைக்கு வந்த பிறகு ஜிஆர்பி 170817ஏ செய்து பாருங்கள். டிடெக்டர்கள் என்1, என்2, என்5. டி90 சுமார் 2 வினாடி. பின்னணிக்கு மேல் சற்றே எழும் மங்கலான வெடிப்பு. 64 மில்லி வினாடியில் தொடங்கி 256 வரை துண்டை மாற்றிப் பாருங்கள். இந்த வெடிப்போடு சேர்ந்து பதிவான ஈர்ப்பலைச் சிக்னல் முடிந்து 1.7 வினாடி கழித்து அது தொடங்குவது உங்கள் வரைபடத்திலும் தெரிய வேண்டும்.